உவர்க் கிணறு

கோண்டாவில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ ரெலிபோனில் அவ்வளவு உற்சாகமாகக் கதைத்தபோது நான் "சரி, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உனக்கு அது பிடிக்கவில்லை என்று குரலிலேயே விளங்கியது. வாயால் சொல்லப்போனால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும். அதுதான் எழுதுகிறேன். தங்கச்சி படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டது இரண்டு விஷயம். எண்ணெய் தேடித் துளையிடுகிற அந்தச் சின்னக் கம்பனியின் பங்குகளில் உன் சேமிப்பைப் போடுவது ஒன்று. புங்குடுதீவுக் காணியை விற்று அந்தக் காசையும் அதிலே சேர்ப்பது மற்றது. காணி விற்கிற கதை வேண்டாம். அதில் இனிக் கதைக்க ஒன்றும் இல்லை. முதலாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய ஆண்டறிக்கையைத் தங்கச்சி அச்செடுத்துத் தந்தாள். முன்பக்கங்களில் அழகான படங்கள். பின்னேர வெயிலில் துளையிடும் கோபுரம், தலைக்கவசம் போட்டுச் சிரிக்கிற ஆட்கள். நான் முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கக் கணக்கோடு மாரடித்தவன். கணக்கை நாங்கள் பின்னாலிருந்துதான் வாசிப்போம். அப்படி வாசித்தால், கம்பனிக்கு வருமானம் என்று வந்திருப்பது வங்கி வட்டி மட்டும்தான். சம்பளமும் ஆலோசனைக் கட்டணமும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கின்றன. கடைசியில் கணக்காய்வாளர் ஒரு பந்தி எழுதியிருக்கிறார்: புதிதாகக் காசு திரட்டாவிட்டால் கம்பனி தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் உண்டு என்று. சின்னக் கம்பனிகளின் அறிக்கையில் இது வழக்கமாக வருகிற பந்திதான். வழக்கமாக வருகிறது என்பதற்காக வாசிக்காமல் விட்டுவிடாதே.

உன் அப்பப்பா புங்குடுதீவில் கிணறு வெட்டிய கதை உனக்குத் தெரியுமோ தெரியாது. எனக்கு அப்போது எட்டு வயது. நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வளவு முழுக்க நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் எழும்பி நின்றதாம். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு அப்படித் தெரியவில்லை. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அவருடைய வெற்றிலையும் காசும் அவருக்குக் கிடைத்துவிடும். வெட்டத் தொடங்கினார்கள். ஐந்தாறு முழத்தில் சுண்ணாம்புக்கல். வெடி வைத்தார்கள். கூலிக்குக் காசு முடிந்தது. இவ்வளவு தூரம் போட்டாயிற்று, இனி விட்டால் போட்டதும் போச்சு என்று அப்பம்மாவின் சங்கிலி ஈட்டுக்குப் போனது. பிறகு காப்பு. ஒரு நாள் காலையில் தண்ணீர் வந்தது. ஊரே கூடி நின்றது. அப்பப்பா இரு கையாலும் அள்ளி வாயில் வைத்தார், உடனே துப்பினார். உவர்.

எண்ணெய்த் தொழிலிலும் இந்த உவர்க் கிணறுதான் ஆட்களை விழுத்துகிறது. "கண்டுபிடித்தோம்" என்கிற அறிவிப்பு வந்த அன்றைக்குப் பங்கு விலை துள்ளும். ஆனால் கண்டது ஒன்று, எடுத்து விற்றுச் செலவு போக மிச்சம் பிடிப்பது வேறொன்று. தூரத்துக்குப் போகவேண்டாம், எங்கள் கடலையே பார். 1970களில் சோவியத் ஆட்கள் வந்து மன்னார்த் தீவின் பேசாலையில் துளையிட்டார்கள். 1976-இல் பாக்குநீரிணையில் இரண்டு கிணறு. அதில் ஒன்றுக்கு நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரையே வைத்தார்கள், டெல்ஃப்ட்-1. விற்கக்கூடிய எண்ணெய் எதிலும் இல்லை. பிறகு 2011-இல் கெய்ர்ன் கம்பனி மன்னார்க் கடலில் மூன்று கிணறு தோண்டி இரண்டில் வாயு கண்டது. பேப்பர்களில் அதுதான் பேச்சு. இங்கே சந்தைக்குள் மரக்கறி விற்கிறவர் கூட "இனி நாங்களும் டுபாய்தான்" என்றார். கடலின் ஆழம் மட்டும் 1,300 மீற்றருக்கு மேல். அந்த ஆழத்திலிருந்து கரைக்குக் கொண்டுவரும் செலவுக்குக் கணக்குச் சரிவரவில்லை. 2015-இல் அவர்கள் போய்விட்டார்கள். அந்த வாயுவில் இன்றுவரை ஒரு கேத்தில் தண்ணீர் கொதித்ததில்லை.

உங்கள் லண்டன் சந்தையிலும் உதாரணம் இருக்கிறது. ஃபோக்லாந்து தீவுக் கடலில் ரொக்ஹொப்பர் என்ற சின்னக் கம்பனி 2010-இல் எண்ணெய் கண்டது. பங்கு பல மடங்கு ஏறியது. பத்து வருடத்துக்கு மேலாகியும் அங்கிருந்து ஒரு பீப்பாய் விற்பனைக்கு வரவில்லை. அதே வருடம் டிசம்பரில் அதே கடலில் டிசையர் என்ற இன்னொரு கம்பனி எண்ணெய் என்று அறிவித்தது. சில நாளில் திருத்தம் வந்தது: அது தண்ணீராம். விலை பாறையிலிருந்து விழுந்த மாதிரி விழுந்தது. அவர்கள் எண்ணெய் தேடித் தண்ணீர் கண்டார்கள். நாங்கள் தண்ணீருக்கு வெட்டிய சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தது. இதற்குச் சிரிப்பதா அழுவதா?

நீ சொன்னாய், "அப்பா, அவர்களிடம் இத்தனை கோடி பீப்பாய் இருக்கிறது" என்று. அறிக்கையை வடிவாகப் பார். அங்கே எழுதியிருப்பது "ப்ரொஸ்பெக்டிவ் ரிசோர்சஸ்". இன்னும் துளையிடாத இடத்தில் இருந்தாலும் இருக்கலாம் என்று போட்ட மதிப்பீடு அது. எடுத்து விற்கலாம் என்று நிச்சயப்பட்டதற்குத்தான் "ரிசேர்வ்ஸ்" என்று பெயர். அந்தச் சொல்லுக்கு எதிரே உன் கம்பனி ஒன்றுமில்லை என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. புவியியலாளர்கள் பார்க்கிறது நாலு காரியம்: எண்ணெய் உண்டாகும் பாறை, அதைத் தேக்கி வைக்கும் பாறை, வெளியே போகாமல் மறிக்கும் அமைப்பு, மேலே இறுக்கமான மூடி. நாலும் ஒரே இடத்தில் கூடவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துப் பெருக்கிப் பார். நூற்றுக்கு 24 வரும். நாலு கிணற்றில் ஒன்று கூட நிச்சயமில்லை. அந்த ஒன்றும் உவராக இருக்கலாம்.

இதை விட எனக்குப் பயம் பங்கு கரைவதுதான். எங்கள் ஊர்க் காணி உறுதிகளை நீ பார்த்திருக்கிறாய். "பங்குக் கிணற்றில் எட்டில் ஒரு பங்கும் வழி வாய்க்காலும்" என்று இருக்கும். பேரப்பிள்ளைகள் காலத்தில் அது தொண்ணூற்றாறில் ஒன்றாகிவிடும். கிணறு அதேதான், வாளி போடும் முறைதான் தள்ளித் தள்ளிப் போகும். எங்களுக்கு அதற்கு மூன்று தலைமுறை எடுத்தது. உன் கம்பனியில் வருடத்துக்கு இரண்டு தரம் பிள்ளை பிறக்கிறது. காசு முடியும்போதெல்லாம் அன்றைய விலையை விடக் குறைத்து யாரோ சில பெரிய ஆட்களுக்குப் புதுப் பங்கு கொடுக்கிறார்கள். பிளேசிங் என்கிறார்கள். கணக்குக்குச் சொல்கிறேன்: கம்பனியில் 20 கோடிப் பங்கு, உன்னிடம் 2 லட்சம். ஆயிரத்தில் ஒன்று உனது. மேலும் இரண்டு தரம் காசு திரட்டி அது 60 கோடிப் பங்காகிவிட்டால், உனது மூவாயிரத்தில் ஒன்று. கம்பனியின் மொத்தப் பெறுமதி மூன்று மடங்கானால்தான் நீ போட்ட காசே திரும்ப நிற்கும். எண்ணெய் கிடைத்தும் பழைய பங்காளிகள் நட்டப்பட்டது இப்படித்தான்.

வேறு கம்பனியைச் சேர்த்துக்கொண்டு கிணற்றுச் செலவை அதன் தலையில் போடுவதும் உண்டு. ஃபார்ம்-அவுட் என்கிறார்கள். அது நடந்தால் நல்ல அறிகுறி என்றே நினைக்கிறேன். தன் காசைப் போடுகிற இன்னொருத்தன் கணக்கைப் பார்த்துவிட்டுத்தானே வருவான்.

எல்லாம் களவு என்று நான் சொல்லவரவில்லை. மன்னாருக்கு வந்த அந்தக் கெய்ர்னே ராஜஸ்தானில் ஷெல் தன் பங்கை விற்றுவிட்டு ஒதுங்கிய இடத்தில் விடாமல் துளைத்து, 2004-இல் மங்களா என்ற பெரிய எண்ணெய் வயலைக் கண்டது. அன்று அந்தப் பங்கை வைத்திருந்தவன் கெட்டிக்காரன்தான். ஆனால் அதே ஆட்கள், அதே கெட்டித்தனம், மன்னாரில் சரிவரவில்லை. நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று துளைக்கிற வரைக்கும் அவர்களுக்கே தெரியாது, நீயும் நானும் எம்மாத்திரம். தெரிந்தாலும் விலை இருக்கிறது. 2020 ஏப்ரல் 20-ஆம் திகதி அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூச்சியத்துக்குக் கீழே 37 டொலருக்குப் போனது நினைவிருக்கும்.

உனக்குச் சொல்லாத ஒன்று. சண்டை முடிந்த பிறகு கொழும்புப் பங்குச்சந்தை 2009-இல் இரட்டிப்புக்கும் மேல் ஏறியது, 2010-இலும் ஏறக்குறைய இரட்டித்தது. யாழ்ப்பாணத்தில் ரியூசன் வாத்திமார் கூடப் பங்கு விலை கதைத்தார்கள். நானும் ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை ஒரு சின்னக் கம்பனியில் போட்டேன். பேர் வேண்டாம். அறிக்கையைப் பின்னாலிருந்து வாசிக்கத் தெரிந்த மனிதன் அன்றைக்கு முன்பக்கத்தைக் கூடத் திறக்கவில்லை. விழத் தொடங்கியபோது, அப்பப்பா காப்பை ஈடு வைத்த மாதிரி, இன்னும் கொஞ்சம் வாங்கினேன். விற்கப் போனால் வாங்க ஆளில்லை. அம்மாவுக்கு இன்றுவரை முழுத் தொகை தெரியாது. நீயும் சொல்லாதே. தங்கச்சி இதைப் படமெடுக்கும்போது வாசிப்பாள்தான், அவளையும் கும்பிட்டுக் கேட்டிருக்கிறேன்.

எண்ணெய் என்றவுடன் உனக்கு வருகிற ஆசை எனக்கு விளங்காமலில்லை. ஜாம் போத்தல் விளக்கில் திரியை இறக்கி இறக்கி வைத்து எழுதப் படித்த பிள்ளை நீ. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு நான் சைக்கிளில் எத்தனை மைல் உழக்கியிருப்பேன். அந்த எண்ணெய்க்கு நீயே சொந்தக்காரன் என்று ஒருவன் சொன்னால் மனம் இழுக்கத்தான் செய்யும்.

போடுவதென்றால் போடு, உன் உழைப்பு. ஆனால் கிணற்றுக்குள் விழுந்த வாளியாக நினைக்கக்கூடிய தொகை மட்டும். கடன் அட்டையைத் தொடாதே. மச்சானையும் கூட்டாளிமாரையும் இதில் சேர்க்காதே. அடுத்த கிழமை ரெலிபோன் எடுக்கும்போது எனக்கு மூன்று பதில் வேண்டும்: கையில் இருக்கும் காசு எத்தனை மாதத்துக்குக் காணும், அடுத்த கிணற்றின் செலவில் எவ்வளவு உன் கம்பனியின் தலையில், இயக்குநர்கள் கடைசியாகத் தங்கள் சொந்தக் காசில் பங்கு வாங்கியது எப்போது. மூன்றாவதை முதலில் தேடு.

புங்குடுதீவுக்குப் போன மாதம் போனேன். மதில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கிணற்றுக் கட்டு அப்படியே இருக்கிறது. ஒரு வாளி அள்ளிப் பார்த்தேன், அதே உவர்தான். பக்கத்து வளவுக்காரர் அதை மாடு கழுவ எடுக்கிறார்.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. பெரியண்ணர் வீட்டு மருமகன் இருபத்திரண்டாம் திகதி லண்டன் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறோம். ஒடியலும் வைக்கட்டா என்று கேட்கிறா. சொல்லு.

அன்புடன்
அப்பா