அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பிக்கு,

‘அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்’ படத்தைப் பார்த்த இரவு தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தாய். முதல் முறை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான். ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கறுப்பர்களை வெறுக்கும் நாஜி வெறியனாகிவிடும் நாயகன் டெரிக்கைப் பற்றி, “அப்பா கொல்லப்பட்டதுதான் அவனை வெறியனாக்கியது, இல்லாவிட்டால் அவன் நல்ல பையன்” என்கிறாய். பார்த்தவர்களில் பலரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் உனக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ அப்படி நினைத்ததில் வியப்பில்லை. தீயணைப்பு வீரரான அப்பா, கடமையில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்படுகிறார். வீட்டு வாசலுக்கு வந்த தொலைக்காட்சிக்காரர்களிடம் டெரிக் அழுதுகொண்டே பேசத் தொடங்கி, கறுப்பர்கள், குடியேறிகள் என்று எல்லோர் மேலும் பாய்கிறான். சரி, இங்கேதான் ஆரம்பித்தது என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். படமும் வெகுநேரம் நம்மை அப்படியே நம்பவிடுகிறது.

கடைசிப் பகுதியில், டெரிக்கின் தம்பி டேனி, அண்ணனைப் பற்றிய தன் பள்ளிக் கட்டுரையை எழுதி முடிக்கும் நேரத்தில், ஒரு கறுப்பு வெள்ளைக் காட்சி வருகிறதே, அதை இன்னொரு முறை போட்டுப் பார். குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. டெரிக்கின் தலை மழிக்கப்படவில்லை, நெஞ்சில் நாஜிகளின் ஸ்வஸ்திகா பச்சை இல்லை. பள்ளியில் ஸ்வீனி என்ற கறுப்பின ஆசிரியர் பாடம் நடத்தும் விதத்தை அத்தனை ஆர்வமாகச் சொல்கிறான். கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ நாவலைப் படிக்கப் போகிறார்களாம். அப்பா கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. நல்ல புத்தகங்களை ஒதுக்கிவிட்டு இதை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கிறார். தன் தீயணைப்புக் குழுவில் இரண்டு கறுப்பர்கள் சேர்ந்திருக்கிறார்கள், தேர்வில் அவர்களைவிட அதிக மதிப்பெண் எடுத்த வெள்ளையர்களுக்கு வேலை இல்லை என்கிறார். எதையும் கேள்வி கேட்கப் பழகு என்று மகனுக்கு அறிவுரையும் சொல்கிறார். கடைசியில் கறுப்பர்களைக் குறிக்கும் அந்த இழிசொல் அவர் வாயிலிருந்து சாதாரணமாக வந்து விழுகிறது. டெரிக்கின் முகத்தைப் பார். ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது இருந்த வெளிச்சம் குறைந்து, ‘ஆமாம், நான் இப்படி யோசிக்கவில்லையே’ என்று தலையாட்டுகிறான். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

அந்த அப்பா கெட்டவர் இல்லை என்பதுதான் என்னைக் கலங்கடிக்கிறது. மகன்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் அடித்துத் திணித்திருந்தால் பையன் எதிர்த்திருப்பான். பாசத்தோடு சொன்னதால் ஏற்றுக்கொண்டான். துப்பாக்கிக் குண்டு பிறகு வந்தது. அது வந்தபோது, துக்கத்தை யார்மேல் கொட்டுவது என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தொலைக்காட்சிக்காரர்களிடம் அவன் பேசியதை இந்தக் காட்சிக்குப் பிறகு கேட்டால், அப்பாவின் குரல் உனக்கும் கேட்கும். மதிப்பெண்ணையும் வேலையையும் பற்றிய அந்தப் பேச்சு நமக்கு ஒன்றும் புதிதில்லை. நம் ஊரில் இட ஒதுக்கீட்டைப் பற்றி எத்தனை சாப்பாட்டு வேளைகளில், எத்தனை அன்பான பெரியவர்களின் வாயால் கேட்டிருக்கிறோம்!

படத்தின்மேல் எனக்குக் கோபமும் உண்டு. 1998இல் வந்த இந்தப் படத்துக்கு இயக்குநர் டோனி கேயே ஒளிப்பதிவும் செய்தார். லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் கடற்கரையில் நடக்கும் அந்தக் கூடைப்பந்தாட்டத்தைப் பார். சட்டையில்லாத டெரிக் துள்ளி எழுந்து பந்தைப் போடுவதையும், கறுப்பர்களை ஆடுகளத்தைவிட்டே வெளியேற்றுவதையும் ஒரு வீரனின் வெற்றியைப் போல எடுத்திருக்கிறார்கள். டெரிக்காக எட்வர்ட் நார்ட்டன் பிரமாதமாக நடித்திருக்கிறார், ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். அவர் அத்தனை கம்பீரமாக இருப்பதால், அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கிற ஒரு பதினைந்து வயதுப் பையன் எதைக் கற்றுக்கொள்வான் என்று பயமாக இருக்கிறது.

சிறைச் சலவைக்கூடக் காட்சிகள் உனக்குப் பிடித்ததாக எழுதியிருந்தாய், எனக்கும்தான். டெரிக்கும் லமாண்ட் என்ற கறுப்பினக் கைதியும் துணி மடித்துக்கொண்டே நாளைக் கழிக்கிறார்கள். லமாண்ட் விடாமல் பேசிப் பேசி, உம்மென்று இருந்தவனைச் சிரிக்கவைத்துவிடுகிறான். பிறகு ஒருநாள், எதற்காக உள்ளே வந்தாய் என்று டெரிக் கேட்கிறான். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைத் திருடினானாம். போலீஸ்காரர் கையைப் பிடித்து இழுத்ததில் பெட்டி அவர் காலில் விழுந்துவிட்டது. வேண்டுமென்றே அவர்மேல் எறிந்ததாக வழக்கு, ஆறு ஆண்டு சிறை. இரண்டு கறுப்பர்களைக் கொன்ற டெரிக்குக்கோ மூன்று ஆண்டு. இந்தக் கணக்கை யாரும் விளக்குவதில்லை. டெரிக்குக்கு அது உறைக்கிறது, நமக்கும் உறைக்கிறது. அப்பா சொன்ன மதிப்பெண் கணக்குக்கு இதைவிட நல்ல பதிலை என்னால் யோசிக்க முடியவில்லை.

ஆனால் லமாண்டைப் பற்றி அதற்குமேல் என்ன தெரியும் நமக்கு? அவனுக்கு வீடு, அம்மா, பிள்ளை என்று யாராவது உண்டா? ஸ்வீனி பள்ளி முடிந்து எங்கே போகிறார்? இருவரும் டெரிக்கைத் திருத்துவதற்காகவே படைக்கப்பட்டவர்கள்போல வந்து போகிறார்கள். பள்ளிக் கழிப்பறையில் டேனியைச் சுட்டுக் கொல்லும் அந்தக் கறுப்பினச் சிறுவன் விஷயம் இன்னும் மோசம். டெரிக்கின் வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசைவரை போய்த் தேடிய படம், இந்தச் சிறுவன் வீட்டு வாசலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவன் வீட்டில் என்ன பேசினார்கள், அவன் யாரைப் பறிகொடுத்தான், எதுவும் தெரியாது. அவன் கையில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். இத்தனை நேர்மையாக எடுத்த படத்தில் இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
அக்கா