எழுதத் துணிந்ததைப் பற்றி மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

நம்முடைய ஆண்டவரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் நலமாயிருக்க நாள்தோறும் ஜெபிக்கிறேன்.

இந்த வயதில் ஒரு புத்தகம் எழுதும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக் கூடியதாக அது எனக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் எழுதிக்கொண்டிருப்பது என் ஆச்சியின் கதை. உனக்கு அவர்கள் பூட்டி. செம்மணல் தேரிக்காட்டு ஊர்களில் வேதாகமப் பெண்ணாக, அதாவது வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவராக, ஊழியம் செய்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். பனங்காலத்தில் பெண்கள் பதநீர் காய்ச்சும் அடுப்பை விட்டு எழுந்திருக்க முடியாது என்பதால், ஆச்சியே அந்த அடுப்படிக்குப் போய் அமர்ந்து, செம்மணலில் விரலால் 'அ' எழுதிக் காட்டி, எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் மாற்குவின் சுவிசேஷத்தைக் கையில் கொடுப்பார்கள். நம் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களான முதலூரும் மெய்ஞ்ஞானபுரமும் நாசரேத்தும் எப்படி உருவாயின என்று சொல்லும் நூல்களில் மிஷனெரிமாருக்கும் சபைக் குருமாராகிய ஐயர்மாருக்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. அடுப்படியில் அமர்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த பெண்களுக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் ஒரு வரிதான். அந்தப் பெண்களை நேரில் பார்த்தவர்களில் இன்னும் உயிரோடிருக்கிற சிலரில் நானும் ஒருத்தி.

இவ்வளவு தெரிந்திருந்தும் நெடுங்காலம் நான் பேனாவை எடுக்கவில்லை. பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்வதற்கு எனக்கு ஒருநாளும் அச்சம் இருந்ததில்லை. ஆனால் புத்தகம் என்பது வேதசாஸ்திரம் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை என்ற எண்ணம் நம் சபைகளில் வளர்ந்த பெண்களுக்கு இரத்தத்தில் ஊறியது. மேலும், தமிழாசிரியையாக இருந்து நல்ல தமிழைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியவளுக்குத் தன் தமிழின் குறைகள் மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுது என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லட்டும், அதன்பின் எழுதலாம் என்று காத்திருந்தேன்.

அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது லூக்காவின் முதல் அதிகாரம். சிறுவயது முதல் கிறிஸ்துமஸ் காலம்தோறும் வாசித்த அதிகாரம்தான். சகரியாவுக்குத் தூதன் வருகிறான். மரியாளுக்குத் தூதன் வருகிறான். ஆனால் இவற்றையெல்லாம் எழுதி வைத்த லூக்காவுக்குத் தூதன் வந்ததாக அவர் சொல்லவில்லை. தாம் யாருக்காக எழுதினாரோ அந்தத் தெயோப்பிலுவுக்கு அவர் சொல்வதெல்லாம், ஆதிமுதல் எல்லாவற்றையும் விசாரித்தறிந்தபடியால், "அவைகளை ஒழுங்காய் உமக்கு எழுதுவது எனக்கு நலமாய்த் தோன்றிற்று" என்பதே. கண்ணாரக் கண்டவர்களிடம் கேட்டார், ஒழுங்குபடுத்தினார், எழுதினார். ஒரு சுவிசேஷம் எழுதுவதற்கே அது போதுமானதாக இருந்ததென்றால், ஆச்சியின் கதையை எழுத எனக்கு இதற்கு மேல் என்ன அழைப்பு வேண்டும்?

அதன்பின் எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்லச் சுருளில் எழுதிய பாருக்கு எனக்குத் துணையானார். யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீம் குளிர்கால வீட்டில் கணப்பின் முன் உட்கார்ந்துகொண்டு, அந்தச் சுருளில் மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் கத்தியால் அறுத்து, சுருள் முழுவதும் சாம்பலாகுமட்டும் நெருப்பில் போட்டான். தேவன் மறுபடியும் எழுதச் சொன்னார்; பாருக்கு வேறொரு சுருளை எடுத்து அவ்வளவையும் எழுதினார், முன்பு இல்லாத வார்த்தைகளும் அதில் சேர்ந்தன. பாருக்கு சோர்ந்துபோய்ப் புலம்பியதற்குக் கர்த்தர் கொடுத்த பதில் எரேமியா 45-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே." கடிந்துகொள்ளுதலாகவே இதை வாசித்துப் பழகியிருந்த எனக்கு, எழுதத் தொடங்கியபின் இதைவிட ஆறுதலான வசனம் வேறில்லை. பெயரும் பாராட்டும் என் கணக்கில் இல்லை என்றானபின், என் தமிழ் போதுமா என்ற அச்சத்திற்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

வயதைப் பற்றி உன் தம்பியும் கவலைப்படுகிறான். நம் ஊர்க் கிறிஸ்தவக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை அவனுக்கு நினைவுபடுத்து. 1827-இல் திருநெல்வேலிக்கு அருகே வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனுடைய மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாக வெளிவந்தபோது அவருக்கு அறுபத்தேழு வயது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள்! கம்பனில் ஊறிய புலமை அவருடையது. என்னிடம் அது இல்லை. ஆனாலும் முதிர்வயதைச் சாக்காகச் சொல்ல நெல்லைக் கிறிஸ்தவர்களுக்கு அவர் வழி வைக்கவில்லை.

உண்மையில், தைரியம் தேவைப்பட்டது எழுதத் தொடங்குவதற்கு அல்ல. உள்ளதை உள்ளபடி எழுதுவதற்குத்தான். ஊழியத்திற்கு வந்த தொடக்க ஆண்டுகளில், தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த வீடுகளிலேயே சில வீடுகளில் ஆச்சி தண்ணீர் குடித்ததில்லை. சாதிதான் காரணம். பின்னாளில் ஒரு வெயில் நாளில் அப்படிப்பட்ட வீட்டில் தாமே கேட்டு வாங்கிக் குடித்ததையும், அந்த வீட்டம்மாளிடம் மன்னிப்புக் கேட்டதையும் என்னிடம் கண்ணீரோடு சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பகுதியை விட்டுவிடும்படி உறவினர் ஒருவர் கேட்டுக்கொண்டார். குடும்பத்துக்கும் சபைக்கும் அவப்பெயர் என்றார். அவர் மனம் நோகும் என்று தெரிந்தும் நான் இணங்கவில்லை. பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் எழுதியிருக்கின்றன. தாவீதின் பாவத்தை வேதம் மறைக்கவில்லை. ஆச்சியை மாற்றிய கிருபையைப் பற்றி எழுதிவிட்டு, எதிலிருந்து மாற்றியது என்பதை மறைத்தால் அது சாட்சியாகாது. அந்த அதிகாரத்தை எழுதிய நாட்களில்தான் முழங்காலில் அதிக நேரம் இருந்தேன். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற வசனத்தை மேசைமேல் எழுதி வைத்துக்கொண்டேன்.

காலை ஜெபம் முடிந்ததும் எழுத உட்காருகிறேன். கண் களைத்தால் நிறுத்திவிடுகிறேன். உன் அப்பா கூடத்தில் அமர்ந்து, எழுதியதைப் படிக்கக் கேட்டு, ஊர்ப் பெயர்களையும் உறவுமுறைகளையும் திருத்துகிறார்கள்.

அந்தத் தண்ணீர் அதிகாரத்தின் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆச்சியை நீ பார்த்ததில்லை. ஆகவே அன்பினால் நான் மிகைப்படுத்தியிருக்கும் இடங்கள் உன் கண்ணுக்கு எளிதில் தெரியும். அவற்றைப் பென்சிலால் குறித்து அனுப்பு. நீ சிறுபிள்ளையாய் இருந்தபோது என் அம்மா உனக்கு ஆச்சியைப் பற்றிச் சொன்ன கதைகளில் நினைவிருப்பவற்றையும், சிறிதாய் இருந்தாலும், விடாமல் எழுதி அனுப்பு. என் அம்மா என்னிடம் சொல்லாத சிலவற்றை உன்னிடம் சொல்லியிருப்பார்கள்.

கர்த்தர் உங்கள் அனைவரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா