கண்ணம்மாவுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் இப்போது தேவலை. மழை விடாமல் பெய்து, கிங்ஸ் சர்க்கிளில் வழக்கம்போலத் தண்ணீர் தேங்கிற்று. வேறு விசேஷமில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சயானில் தமிழ்ச் சங்கத்துக்குப் போயிருந்தபோது ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "உங்கள் பெண் இப்போதெல்லாம் எழுதுவதில்லையா?" என்று கேட்டார். உன்னுடைய ஒன்பது கதைகளையும் அவர் படித்திருக்கிறார் என்பது, லோக்கல் ரயிலின் சாமான் பெட்டியில் மீன்கூடையோடு ஏறும் அந்தக் கிழவியைப் பற்றி அவர் பேசிய விதத்திலேயே தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பதிலுக்கு, பெங்களூரில் உனக்கு ஆபீஸ் வேலை அதிகம் என்றுதான் சொல்ல முடிந்தது. வேலை அதிகம்தான், ஆனால் மூன்று வருடமாக ஒரு பக்கம்கூட எழுதாததற்கு அது காரணமில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. தினமும் பத்து வரி எழுதி வை, யாரிடமும் காட்டவேண்டாம்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "எனக்கு எழுத வருமென்று நினைத்ததே பிரமை அப்பா, பார்த்ததை எழுதினேன், பார்த்தது தீர்ந்துவிட்டது" என்றாய். நான் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966-ல் வந்தது, இரண்டாவது 1981-ல்தான் வந்தது. நடுவில் 15 வருடம். மௌனி வாழ்நாள் முழுவதற்கும் எழுதியவை இரண்டு டஜன் கதைகள்தான் இருக்கும். நாஞ்சில் நாடன் இதே பம்பாயில் கம்பெனி வேலைக்கு அலைந்துகொண்டேதான் எழுதினார். இதையெல்லாம் உன் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தே நான் தெரிந்துகொண்டேன் என்பதால் உனக்குப் பாடம் நடத்த எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும், எழுதாமலிருப்பது வேறு, எழுதுகிற மேசையையே யாருக்கோ தூக்கிக் கொடுப்பது வேறு. அம்மாதான் சொன்னாள். அந்த மேசையை மாடி ஏற்ற நான் பட்ட பாட்டையாவது நீ நினைத்திருக்கலாம்.

பத்து வரி போதும் என்று மறுபடியும் சொல்கிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

உன் கடைசிக் கதை வெளிவந்த வாரம், பெரியப்பா மிகவும் வருத்தப்படுகிறார், வீட்டு விஷயத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டாயாம், நீ அவரிடம் ஒன்றும் பேசவேண்டாம், நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? பெரியப்பா அந்தக் கதையைப் படிக்கவே இல்லை. வருத்தப்பட்டவன் நான். மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பால், காய்கறி, ரயில் பாஸ் என்று கணக்கு எழுதி, மனைவி பூ வாங்கிய இரண்டு ரூபாய்க்கு எதிரே சிவப்பு மையில் கேள்விக்குறி போடுகிற அந்த மனிதனை மூன்று முறை படித்தேன். அந்தக் கேள்விக்குறியை நான் மறந்தே போயிருந்தேன். ஏழு வயதில் என் முழங்கையோரம் நின்றபடி நீ அதைப் பார்த்திருக்கிறாய். அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பெரியப்பாவின் பெயரை இழுத்தேன். அதன் பிறகு நீ எழுதவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நீ சொல்லக்கூடும், நான் நம்பமாட்டேன்.

அம்மா அந்தக் கதையைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து வழக்கமான ஒரு முழத்துக்கு இரண்டு முழமாக மல்லிகை வாங்கிவந்து, என் எதிரிலேயே உட்கார்ந்து தலையில் வைத்துக்கொண்டாள். விலை என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை மாதத் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன், இடம் முடியப்போகிறது. உன் கதையில் ஒரு பிழை இருக்கிறது: அந்தப் பூவின் விலை இரண்டு ரூபாய் இல்லை, ஒன்றரை. புத்தகமாகப் போடும்போது திருத்திக்கொள்.

அப்பா