முதலில் குழாயைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். வேறு துறையில் பட்டம் வாங்கி, சில வருடம் வேலையும் பார்த்துவிட்டு, அப்புறம் நர்ஸிங் பக்கம் வர நினைப்பவர்களுக்காகச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நான் அப்படி வந்தவன்தான். பத்து வருடம் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, 36 வயதில் நர்ஸிங் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அதனால் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக, இரண்டாம் முறை கொஞ்சம் எரிச்சலோடு.

கட்டுரை முழுக்க எந்தப் படிப்பு சீக்கிரம் முடியும் என்ற கேள்வியையே சுற்றி வந்ததுதான் எரிச்சலுக்குக் காரணம். வயது ஏறிக்கொண்டே போகிறது, சம்பளம் நின்றுவிட்டது, வீட்டில் ஒவ்வொரு மாதமும் எண்ணுகிறார்கள். எனக்கும் அப்போது அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. அமெரிக்காவில் பட்டதாரிகளுக்கென்று 11 முதல் 18 மாதத்தில் முடியும் துரிதப் படிப்புகள் இருப்பது உண்மை. பழைய பட்டத்தில் படித்துவிட்ட பொதுப் பாடங்களைக் கழித்துவிடுவதால் அவ்வளவு சுருக்க முடிகிறது. நோயாளியின் பக்கத்தில் நிற்க வேண்டிய மணிக்கணக்கை அப்படிக் கழிக்க முடியாது, நெருக்கித்தான் அடுக்குவார்கள். வேலையை விடாமல் ஓரமாகப் படித்துக்கொள்ளலாம் என்று இந்தப் படிப்புகளில் சேருகிறவர் பாதியில் மூச்சுத்திணறிப் போவார். இதைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

மணிக்கணக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொது நர்ஸ் ஆக குறைந்தது 3 ஆண்டு, 4,600 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் பாதிக்குக் குறையாமல் நேரடி மருத்துவப் பயிற்சியாக இருக்க வேண்டும். பின்னால் இன்னொரு நாட்டுக்குப் போக நினைப்பவர் சேரும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பட்டத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று அங்கே பதிவு செய்கிறவர்கள் துருவிக் கேட்கலாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். படிப்பின் முதல் வருடம். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு பெரியவருக்கு உள்ளே போகிற நீர், வெளியே வருகிற நீர் இரண்டையும் சார்ட்டில் எழுதும் பொறுப்பு என்னிடம். வரவு செலவு எழுதிப் பழகிய கைக்கு அது அல்வா மாதிரி வேலை. வயது வந்தவர்களுக்குச் சாதாரணமாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது சிறுநீர் வர வேண்டும் என்று அப்போதுதான் படித்திருந்தேன். அறுபது கிலோ ஆள் என்றால் மணிக்கு 30 மில்லி. இவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டு, அதன் நுனியில் பை மாட்டியிருந்தது. மூன்று மணி நேரமாகப் பையில் ஒன்றும் ஏறவில்லை. கணக்கு உதைக்கிறது! சிறுநீரகம் நின்றுவிட்டதென்றே முடிவு கட்டி, சார்ட்டைத் தூக்கிக்கொண்டு டியூட்டி நர்ஸிடம் ஓடினேன். அவருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. வந்தார், போர்வையை விலக்கினார், பெரியவரின் தொடையை லேசாகத் தூக்கி, அடியில் மடங்கிக் கிடந்த குழாயை நிமிர்த்தினார். பை நிறைய ஆரம்பித்தது. "கணக்கு சரிதான்ணா, ஆனா முதல்ல குழாயைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று நான் கூனிக் குறுகினதற்குக் காரணம் அந்தக் குழாய் இல்லை. பழைய அலுவலகத்தில் எனக்குக் கீழே ஆறு பேர். என்ன சந்தேகம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். இங்கே வார்டில் பஞ்சு எங்கே இருக்கிறது என்றுகூட நான் கேட்டுத்தான் ஆக வேண்டும். பாட்ரிஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸிங் அறிஞர் 1984-ல் வெளியிட்ட தன் நூலில், ஒரு நர்ஸ் புதியவர் நிலையில் தொடங்கி வல்லுநர் நிலைக்கு ஐந்து படிகளில் ஏறுவதாக எழுதினார். பல வருட அனுபவமுள்ள நர்ஸ்கூட, பழக்கமே இல்லாத வார்டுக்கு மாறினால் மறுபடி முதல் படியில்தான் நிற்க வேண்டியிருக்கும் என்பது அதில் எனக்குப் பிடித்த பகுதி. அனுபவமுள்ள நர்ஸுக்கே அப்படியென்றால் கணக்குப்பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்? என்னோடு சேர்ந்த வயதில் மூத்த மாணவர்களில் பாடம் கஷ்டம் என்று போனவர் யாரும் இல்லை. தன்னைவிடச் சின்னவர் திருத்துவதைத் தாங்க முடியாமல் இருவர் போனார்கள். ஒருவர் ஆசிரியராக இருந்தவர், நல்ல படிப்பாளி.

அதனால், படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால், ஒரு வார்டில் உதவியாளராகவோ தன்னார்வலராகவோ சில வாரம் நின்று பாருங்கள் என்பேன். அனுமதி கிடைத்தால் ஒரு இரவு முழுக்க. காலை மூன்று மணிக்கு வார்டு எப்படி இருக்கும் என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை. படுக்கையை மாற்றுவது, வாந்தியைத் துடைப்பது, குழம்பிப்போன முதியவர் ஒரே கேள்வியை இருபதாவது முறை கேட்கும்போது முகம் மாறாமல் பதில் சொல்வது எல்லாம் அங்கேதான் தெரியும். முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டால் நஷ்டம் சில வாரத்தோடு போகும்.

எந்தப் பிரிவுக்குப் போவது என்று கட்டுரையில் ஒரு பட்டியல் இருந்தது. கணினித் துறையிலிருந்து வந்தவர் மருத்துவமனைத் தகவல் பிரிவுக்கு, ஆசிரியராக இருந்தவர் நோயாளிகளுக்கு விளக்கும் வேலைக்கு என்று. தப்பில்லை, ஆனால் பழைய வேலையில் எதனால் களைத்துப் போனீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்களும் இயந்திரங்களும் இருக்கும் என்று ஐசியு மேல் ஆசை வைத்துத்தான் நான் வந்தேன். போய்ப் பார்த்தபோது, ஒருவர் கண் விழித்துப் பேச ஆரம்பித்ததும் வேறு வார்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அலுவலகத்தில் என்னைச் சலிக்க வைத்ததும் அதேதான். ஃபைல் வரும், போகும், முகமே தெரியாது. இப்போது டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறேன். பெரும்பாலானவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை வருகிறார்கள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பேரன் பரீட்சை எழுதியது வரைக்கும் தெரிந்துவிடுகிறது. வரும்போது ஒரு எடை, போகும்போது ஒரு எடை, எவ்வளவு நீர் எடுத்தோம் என்று கணக்கும் உண்டு. விட்ட குறை தொட்ட குறை!

உலக அளவில் நர்ஸ் பற்றாக்குறை, ஆகவே வேலை நிச்சயம் என்று எழுதியிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி 2023-ல் பற்றாக்குறை 58 லட்சம். அதே அறிக்கையில், உலக மக்கள்தொகையில் 49 சதவீதம் பேர் வாழும் நாடுகளில் 78 சதவீத நர்ஸ்கள் குவிந்திருப்பதாகவும் இருக்கிறது. அப்படியானால் பள்ளம் எல்லா இடத்திலும் ஒரே ஆழம் இல்லை. ஆள் தேவைப்படும் இடத்திலேயே பணியிடம் உருவாக்கக் காசில்லாமல் இருப்பதும் நடக்கிறது. உங்களுக்கு வேலை கிடைக்குமா என்பதற்கு அந்த 58 லட்சத்தில் பதில் இல்லை. நீங்கள் சேரப்போகும் கல்லூரியில் போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தால் கிடைக்கும்.

'சேவை மனப்பான்மை' என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. எனக்கு அந்தச் சொல் கேட்டாலே காது வலிக்கும். இரட்டை ஷிப்ட் பார்க்கச் சொல்லும்போதும், விடுப்பை ரத்து செய்யும்போதும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நான் வந்தது நாள் முடிவில் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிய வேண்டும் என்பதற்காக. சம்பளத்துக்காகவும்தான். அதைச் சொல்ல வெட்கப்படுகிறவர் வேலை ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்க மாட்டார்.

உடம்பைப் பற்றியும் எழுதியிருக்கலாம். குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். முதுகு ஒத்துழைக்காததால் அந்த வேலையை விட்டு மருத்துவ சமூகப் பணிக்குப் போனார், பிறகு 1957-ல் டாக்டரானார், 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். அவ்வளவு பெரிய மனுஷிக்கே முதுகுதான் வழியை மாற்றியது. நாற்பதை நெருங்கும் வயதில் வருகிறவர், ஆளைத் தூக்கும் முறையை முதல் நாளே ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும். நான் கற்றது ஒரு வருடம் கழித்து, ஒரு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு.

இன்னொன்று. ஏற்கெனவே பட்டம் இருப்பதால் நேராக மேல்படிப்புக்குத் தாவி, நோயைக் கண்டறிந்து சிகிச்சையும் தரும் உயர்நிலை நர்ஸ், அதாவது நர்ஸ் பிராக்டிஷனர், ஆகிவிடலாம் என்ற யோசனை. 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் அந்தப் பயிற்சியைத் தொடங்கியபோது, ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களைத்தான் எடுத்தார்கள். இப்போது சில இடங்களில் நேரடி வழி உண்டு, கெட்டிக்காரர்கள் அதில் வருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டு வருடமாவது வார்டில் நின்றுவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். இதில் என்னோடு வேலை பார்ப்பவர்களே பாதிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையில் பேசிய மூவரும் படித்து முடித்து வேலையில் இருப்பவர்கள். அடுத்த முறை, சேர்ந்து பாதியில் விட்டுப் போனவர் ஒருவரிடமும் கேட்டு எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பேசத் தயார் என்றிருக்கிறார். பழைய வேலைக்கே திரும்பியவர். சந்தோஷமாகத்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகர்