இடத்தை மட்டும் சொல்லாதீர்கள், இரவையும் சொல்லுங்கள்: பாலைவன நகரங்களின் வானியல் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலைவன நகரங்களில் வானியல் மன்றம் நடத்தும் நண்பர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வேலை எவ்வளவு சிரமமானது என்று எனக்குத் தெரியும். சம்பளம் கிடையாது. சொந்தத் தொலைநோக்கியைச் சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், முன்பின் தெரியாதவர்களுக்குச் சனிக்கோளின் வளையத்தைக் காட்டிவிட்டு, விடியற்காலையில் செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள். அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் என் குறையைச் சொல்ல வேண்டும்.

நட்சத்திரம் பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும், வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறித்து அனுப்பிவிடுகிறீர்கள். எப்போது போகலாம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. பாலைவனத்தில் இடத்துக்கா பஞ்சம்? ஊர் எல்லையைத் தாண்டினால் எந்தப் பக்கமும் வெட்டவெளிதான். நல்ல இரவு அமைவதுதான் அரிது.

நான் முதன்முதலில் போனது ஒரு மன்றம் அறிவித்த 'பால்வீதி இரவு' நிகழ்ச்சிக்கு. எல்லாருக்கும் வசதியான சனிக்கிழமை. இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் இறங்கினால், வளர்பிறை பன்னிரண்டாம் நாள் நிலவு உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. மணல்மேட்டில் என் நிழல் அவ்வளவு துல்லியமாக விழுந்தது. அந்த வெளிச்சத்திலேயே ஷூ லேஸ் கட்டினேன். பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், "அம்மா, பால்வீதி எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அந்த அம்மா தன்னார்வலரைப் பார்க்க, அவர் "கொஞ்ச நேரம் போகட்டும், தெரியும்" என்றார். தெரியவில்லை. அன்றைக்கு நிலா மறைய அதிகாலை மூன்று மணி ஆகியிருக்கும். பதினொரு மணிக்கே பையன் பின்சீட்டில் தூங்கிவிட்டான். அவர்கள் மறுபடி ஒருமுறை வந்திருப்பார்களா என்று இன்னமும் நினைத்துக்கொள்வேன்.

நிலவின் கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. பௌர்ணமிக்குப் பிறகு அது ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. ஆக, பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாள் ஆனால் முன்னிரவு இருட்டாகிவிடும். அங்கிருந்து அமாவாசையைத் தாண்டி வளர்பிறை மூன்றாம் நாள் வரைக்கும், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் போல முன்னிரவு நம்முடையது. அதில் ஒன்றிரண்டு வார இறுதி கட்டாயம் விழும். வளர்பிறை எட்டாம் நாளிலும் கூட்டம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நிலவில் பகலும் இரவும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் பள்ளங்களின் நிழல் நீண்டு கிடப்பதைத் தொலைநோக்கியில் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் அதை 'நிலவு இரவு' என்றே அறிவியுங்கள். பால்வீதி என்ற பேரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

அப்புறம் பருவம். பாலைவனம் என்றாலே ஆண்டு முழுக்கத் தெளிந்த வானம் என்ற நினைப்பு வெளியிலிருந்து வருபவர்களுக்கு உண்டு. அங்கேயே இருப்பவர்களுக்குத் தூசி தெரியும். மேகமே இல்லாத இரவிலும், காற்று கிளப்பிய நுண்தூசி மேலே தொங்கிக்கொண்டு நகரத்து வெளிச்சத்தை வாங்கி நம் மேல் திருப்பி விடும். கடலோரப் பாலைவனமாக இருந்தால் ஈரப்பதமும் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். அங்கே கரையிலிருந்து உள்ளே போவதும் உயரத்துக்குப் போவதும்தான் வழி. சிலியின் அட்டகாமாவில் பரனால் ஆய்வகத்தை ஏறக்குறைய 2,635 மீட்டர் உயர மலையில் வைத்திருக்கிறார்கள். கடல்மூட்டம் பெரும்பாலும் அதற்குக் கீழேயே தங்கிவிடுகிறது. லடாக்கின் குளிர்பாலைவனத்தில் ஹான்லே ஆய்வகம் 4,500 மீட்டரில் இருக்கிறது. நமக்கு அவ்வளவு உயரம் வேண்டாம். அரிதாக ஒரு மழை பெய்து ஓய்ந்தபின் வரும் ஒன்றிரண்டு இரவுகளைத் தவறவிடாமல் இருந்தாலே போதும். காற்றைக் கழுவி வைத்த மாதிரி இருக்கும். அந்த மாதிரி நேரத்தில், நாள் குறித்து வைத்த கூட்டத்துக்குக் காத்திருக்காமல், அன்று மதியமே "இன்றைக்கு வானம் நன்றாக இருக்கிறது, முடிந்தவர்கள் கிளம்புங்கள்" என்று ஒரு வரி அனுப்பலாமே.

பால்வீதியின் மையப் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருபவர்களில் பெரும்பாலானோருக்கு அதுதான் ஆசை. வட அரைக்கோளத்தில் அது முன்னிரவிலேயே நன்றாகத் தெரிவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. பல பாலைவனங்களில் அதே மாதங்களில்தான் வெயிலும் தூசியும், சில இடங்களில் பருவமழை மேகமும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அதே மையம் விடிவதற்கு முன் தென்கிழக்கிலும் தெற்கிலும் நிற்கிறது. எனக்குப் பிடித்தது இந்த நேரம். அதிகாலை மூன்று மணிக்கு மணல் சில்லென்றிருக்கும். முதுகைச் சாய்த்துப் படுத்தால் கேட்டை நட்சத்திரம் செம்மையாக எரிந்துகொண்டிருக்கும், அதன் இடப்பக்கம் வெளிச்சப் புகைபோல் ஒன்று அடிவானத்திலிருந்து கிளம்பி மேலே போகும். நடுவில் கறுப்புப் பிளவுகள் தெரியும். அவை இருட்டான வெற்றிடங்கள் இல்லை, பின்னாலிருக்கும் நட்சத்திரங்களை மறைக்கும் விண்தூசி.

பின்னிரவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: நகரமும் அப்போது கொஞ்சம் தூங்குகிறது. கடைகள் மூடியிருக்கும், விளையாட்டரங்க விளக்குகள் அணைந்திருக்கும், சாலையில் வண்டி குறைந்திருக்கும். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்து டூசான் நகரம் தன் தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியபோது, நள்ளிரவுக்குப் பிறகு அவற்றை மங்கலாக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே செய்தது. 2019-ல் அங்கே பத்து இரவுகள் விளக்குகளின் அளவைக் கூட்டியும் குறைத்தும், மேலே செயற்கைக்கோள் எவ்வளவு வித்தியாசம் காண்கிறது என்று அளந்தார்கள். நகரத்திலிருந்து மேலே போகும் வெளிச்சத்தில் தெருவிளக்கின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மிச்சமெல்லாம் விளம்பரப் பலகைகள், வண்டி நிறுத்துமிடங்கள், கட்டடங்களின் முகப்பு விளக்குகள் போன்றவை. மாநகராட்சியிடம் மனு கொடுக்கும்போது தெருவிளக்கோடு நிற்காமல் இவற்றையும் எழுதுங்கள்.

முன்னிரவில் வருகிறவர்களுக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சூரியன் மறைந்ததும் இருட்டிவிடாது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கிய பிறகுதான் முழு இருட்டு. பெரும்பாலான பாலைவன நகரங்களில் அதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஏழு மணிக்கு வந்து எட்டு மணிக்குக் கிளம்புகிறவர்கள் அந்தி வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்கிறேன். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மெர்ல் வாக்கர் என்ற அமெரிக்க வானியலர் 1970-களில் கலிஃபோர்னிய நகரங்களின் வான ஒளியை அளந்து, தூரம் இரட்டித்தால் ஒளி பாதியாக இல்லை, ஐந்தரை மடங்குக்கும் மேல் குறைகிறது என்று கண்டார். பத்து லட்சம் பேர் வாழும் நகரத்திலிருந்து 50 கிலோமீட்டரில் நின்றால், நகரத்தின் திசையில் வானத்தின் பாதி உயரம், இயற்கையான இருட்டைவிட அரை மடங்குக்கும் மேல் கூடுதலாக வெளுத்திருக்கும். 100 கிலோமீட்டரில் அந்தக் கூடுதல் பத்தில் ஒரு பங்காகிவிடும். அன்றைய விளக்குகளை வைத்துப் போட்ட கணக்கு இது. இன்றைக்குத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தூரத்தைவிடத் திசை முக்கியம் என்பேன். வட அரைக்கோளத்துப் பாலைவனங்களில் பால்வீதியின் மையம் எப்போதும் தெற்கு வானில்தான் வரும். நகரத்துக்கு வடக்கே போய் நின்றால், நாம் பார்க்க வந்தது நகரத்தின் வெளிச்சக் குடைக்கு நேர் மேலே நிற்கும். அதே தூரம் தெற்கே போனால் நகரம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். உங்கள் வரைபடப் புள்ளிகளில் எத்தனை நகரத்தின் தென்புறம் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நெடுஞ்சாலை நன்றாக இருக்கிறது என்பதற்காகவே வடக்கே போய்க்கொண்டிருந்தவன் நான்.

கண்ணைப் பற்றி எல்லாரும் சொல்கிறோம், யாரும் கேட்பதில்லை. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒருமுறை பிளாஸ்க் மூடியைத் தேடி மூன்று விநாடி கைபேசி விளக்கைப் போட்டேன். மூடி காலடியிலேயே கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேலே வெறும் கறுப்பு; அரை மணி நேரம் சேர்த்து வைத்தது போய்விட்டது. ஒருவர் காரின் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிந்து வரிசையாக இருபது பேருக்கு அதே கதிதான். வந்தவுடனேயே உள்விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் அனுமதியுங்கள், வண்டிகளை வெளியேறும் திசை பார்த்து நிறுத்த வையுங்கள். கிளம்புகிற வண்டியின் முகப்பு விளக்கு கூட்டத்தின் முகத்தில் அடிக்காமல் இருக்க இது ஒன்றே வழி.

எரிகல் மழை அறிவிப்புகளையும் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள். "மணிக்கு நூறு எரிகற்கள்" என்பது மிக இருண்ட வானில், அவை கிளம்புவதுபோல் தோன்றும் புள்ளி தலைக்கு நேர் மேலே இருக்கும்போது வரும் எண். அதை நம்பி நகர எல்லையில் நிற்பவர் சிலவற்றைத்தான் பார்ப்பார். நாளைப் பார்த்தால் 2026 அருமையான ஆண்டு. பெர்சியிட் என்ற எரிகல் மழையின் உச்சம் ஆகஸ்ட் 12, 13; அமாவாசை 12-ஆம் தேதியே. டிசம்பர் 13, 14-ல் ஜெமினிட் என்ற இன்னொரு எரிகல் மழை வரும்போது இளம்பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடும். பெர்சியிட் நள்ளிரவுக்கு மேல்தான் சூடு பிடிக்கும். ஜெமினிட் பத்து மணிக்கே நன்றாக இருக்கும், குழந்தைகளைக் கூட்டிவரத் தோதானது அதுதான்.

புதிதாக வருபவர்களுக்கு வானத்தின் தரத்தை அளக்கக் கருவி வேண்டாம், கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டுங்கள். தமிழில் அதற்கு அறுமீன் என்றே பெயர். ஆறு தெரிந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். நகரத்துக்குள் நான்கு தெரிந்தாலே அதிகம். நல்ல இருட்டில் கண் பழகியபின் நான் ஒன்பது வரை எண்ணியிருக்கிறேன். ஒவ்வொருவரும் எண்ணியதைக் கேட்டுக் குறித்து வைத்தால், எந்த இடம், எந்த மாதம், எந்த மணி என்று இரண்டு வருடத்தில் உங்களிடமே ஒரு பதிவேடு இருக்கும்.

ஆபத்து பற்றி நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்: இரண்டு வண்டியாகப் போவது, தண்ணீர், மூடிய காலணி, போகும் இடத்தை வீட்டில் சொல்வது, ராணுவ எல்லைக்குள் நுழையாமல் இருப்பது. அதில் எனக்குச் சேர்க்க ஒன்றுமில்லை.

நான் கேட்பது இதுதான். அடுத்த ஆண்டின் நிகழ்ச்சிப் பட்டியலைப் போடும்போது, விடுமுறை நாட்காட்டிக்கு முன்னால் நிலவின் நாட்காட்டியை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பக்கத்தில் நிலா உதிக்கும், மறையும் நேரத்தையும், முழு இருட்டு தொடங்கும் நேரத்தையும், எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து உட்கார்ந்தால் ஒரு மாலை வேலை. ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
மணலில் படுத்து வானம் பார்க்கும் உங்களில் ஒருவன்