நாய்க்குப் பத்து லட்சமோ எண்டு கேட்ட வாசகருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட வாசகர் பக்கத்தில ஒருத்தர் எழுதியிருந்தார், வெளிநாடு போற சனம் நாய் பூனையையும் பத்து லட்சம் குடுத்துக் கொண்டு போகுதாம், உது பணத்திமிராம், அந்தக் காசில ஊரில எத்தினை பிள்ளையளைப் படிப்பிக்கலாமாம். பிள்ளையளைப் படிப்பிக்கலாம்தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா சாமத்திய வீட்டுக்கு ஹெலிகொப்ரரில பூக்கொட்டின ஊரில இருந்துகொண்டு நாய்க்குச் செலவழிக்கிறவையை மட்டும் பிடிச்சு ஏசுறது கொஞ்சம் கூடத்தான். அவரவர் காசு. எனக்குக் கோவம் வந்தது அதில இல்லை, அந்தப் பத்து லட்சம் எங்க போகுது எண்டு அவரும் கேக்கேல்லை, குடுக்கிறவையும் கேக்கிறேல்லை.

எங்கட தங்கச்சி குடும்பம் இங்கிலாந்துக்குப் போகேக்க வீட்டு நாய் ஜிம்மியையும் கொண்டு போறது எண்டு பிள்ளையள் பிடிவாதம். நாய் பூனை அனுப்புற ஏஜென்ற் ஒருத்தரிட்ட விசாரிச்சம், பத்து லட்சத்துக்கு மேல ஒரு தொகையை ஒரே வரியில வாட்ஸப்பில அனுப்பினார், எதுக்கு எவ்வளவு எண்டு ஒரு விபரமும் இல்லை, திருப்பிக் கேட்டா "எல்லாம் சேத்துத்தான் அக்கா" எண்டு முடிச்சிட்டார். பேந்து பெறாமகள் இங்கிலீசில இருக்கிற சட்டதிட்டம் எல்லாத்தையும் இறக்கி வாசிச்சு ஒவ்வொண்டா எனக்குச் சொன்னவள். அதைத்தான் மற்றாக்களுக்கும் உதவட்டும் எண்டு எழுதுறன்.

முதல் விசயம் பெட்டி. நாய் இருபது கிலோ எண்டா இருபது கிலோவுக்குத்தான் காசு எண்டு எல்லாரும் நினைக்கினம், நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தன், ஆனா கார்கோவில நிறையைப் பாக்க முதல் இடத்தைப் பாக்கினம். பெட்டியின்ர நீளம் அகலம் உயரம் மூண்டையும் சென்ரிமீற்றரில பெருக்கி 6000 ஆல பிரிப்பினம், வாற கணக்கு உண்மையான நிறையை விடக் கூட எண்டா அதுக்குத்தான் காசு. 100 நீளம் 70 அகலம் 75 உயரம் உள்ள பெட்டி எண்டு வையுங்கோ, 87.5 கிலோ வரும். உள்ளுக்க இருக்கிறது இருபத்திரண்டு கிலோ ஊர்நாய், காசு 87.5 கிலோவுக்கு, மிச்சம் முழுக்கக் காத்து. அதோட உயிருள்ள சரக்குக்கு ரேட்டும் சாதாரண சாமானை விடக் கூடத்தான். பெட்டியைச் சின்னனாக்கவும் ஏலாது, நாய் நிமிந்து நிண்டா தலை முட்டக்கூடாது, திரும்ப வேணும், காலை நீட்டிப் படுக்க வேணும், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின்ர விதி அது, நாய்க்கும் அதுதான் நல்லது. ஆனா தேவைக்கு மிஞ்சின பெரிய பெட்டியை ஏஜென்ற் தலையில கட்டினா ஒவ்வொரு இஞ்சிக்கும் நீங்கள்தான் காசு கட்டுறியள், அதாலை நாயை நீங்களே அளந்து பாத்திட்டுக் கதையுங்கோ. பூனைக்கு இந்தத் தலையிடி குறைவு, 60, 40, 40 பெட்டி எண்டா 16 கிலோ கணக்குத்தான். இன்னொண்டு, ஊர்த் தச்சரைக் கொண்டு பலகையில அடிப்பிச்சா மலிவு எண்டு சிலர் சொல்லுவினம், பச்சைப் பலகை எண்டா சூடாக்கிப் பதப்படுத்தின முத்திரை இல்லாமல் வெளிநாட்டுக்கு ஏத்தேலாது, அதையும் யோசியுங்கோ.

காசை விட மோசம் நாள்க்கணக்கு. உண்மையில செலவு எக்கச்சக்கமாக் கூடுறது இதாலைதான்.

இலங்கை விசர்நாய்க்கடி இருக்கிற நாடு, அதை மறைக்கேலாது. 1973 இல 377 பேர் செத்த நாடு, இப்ப நல்லாக் குறைஞ்சிட்டுது எண்டாலும் இன்னும் இல்லாமல் போகேல்லை. அதாலை பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் எங்கட நாயை வடிவாச் சோதிச்சுத்தான் உள்ளுக்க விடும். முதல் மைக்ரோசிப், நாயின்ர தோலுக்குக் கீழ வைக்கிற அடையாளச் சிப். பேந்துதான் விசர்நாய்த் தடுப்பூசி. இந்த ஒழுங்கு மாறக்கூடாது, ரெண்டையும் ஒரே நாளில செய்யலாம், ஆனா ஊசி முந்தி சிப் பிந்தி எண்டா அந்த ஊசி செல்லாது, திரும்பப் போட வேணும். எங்கட பக்கத்தில வருசா வருசம் ஒழுங்கா ஊசி போட்டு அட்டையும் பத்திரமா வைச்சிருக்கிற வீடுகளிலயே சிப் இல்லை எண்டபடியால் எல்லாம் முதலில இருந்து. ஊசி போட்டு 30 நாளாவது போனாப் பிறகு இரத்தம் எடுத்து, அவையள் அங்கீகரிச்ச லாப் ஒண்டுக்குக் குளிரில வைச்சு அனுப்ப வேணும், எதிர்ப்புச்சக்தி ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 அலகுக்குக் குறையக்கூடாது. அதுவும் சரி எண்டா இரத்தம் எடுத்த நாளில இருந்து மூண்டு மாசம் காத்திருக்க வேணும். கூட்டிப் பாருங்கோ, ஆகக் குறைஞ்சது நாலு மாசம். விசா சில கிழமையில வந்திடும், அங்க வேலைக்கோ படிப்புக்கோ திகதியும் குடுத்திடுவினம், நாய்க்குத்தான் நாள் காணாது.

அப்ப என்ன நடக்குது? குடும்பம் முன்னால போயிடும், நாய் மாசக்கணக்கில ஆரிட்டையோ காசுக்கு நிக்கும். நாயை வளர்க்கிறவர் போற நாளுக்கு முன்னப் பின்ன அஞ்சு நாளுக்குள்ள நாயும் போக வேணும் எண்டு ஒரு விதி கிடக்கு, அது தவறினா வியாபாரத்துக்குக் கொண்டு போற மிருகத்தின்ர சட்டம் வரும், அதுக்கு வேற பேப்பர் வேற காசு, இல்லாட்டி வீட்டுக்காரர் ஒருத்தர் திரும்பவும் ரிக்கற் போட்டு ஊருக்கு வந்து கூட்டிக்கொண்டு போக வேணும். பத்து லட்சம் எண்டது சில வீடுகளில பதினைஞ்சா மாறினது இப்பிடித்தான்.

இங்கிலாந்துக்கு இன்னும் ரெண்டு மூண்டு கிடக்கு. நாய்க்கு நாடாப்புழு மருந்து, அங்க இறங்க முதல் 24 மணித்தியாலத்துக்கும் 120 மணித்தியாலத்துக்கும் இடையில வைத்தியர் குடுத்துப் பதிய வேணும், பூனைக்குத் தேவையில்லை. பிளேனில எங்களோட சீற்றுக்குக் கீழ வைச்சுக் கொண்டு போகேலாது, வழிகாட்டி நாய் மாதிரி உதவி நாயளைத் தவிர மற்றதெல்லாம் கார்கோதான். ஹீத்ரோவில சிற்றி ஒவ் லண்டன் மாநகர சபை நடத்துற மிருக நிலையத்தில இறக்கிப் பேப்பர் பாத்துத்தான் தருவினம், அதுக்கும் கட்டணம். பேப்பரில பிழை எண்டா நாலு மாசம் வரைக்கும் குவாரண்டைன், சாப்பாட்டுக் காசு உட்பட எல்லாம் உங்கட தலையில, இல்லாட்டித் திருப்பி அனுப்புவினம். 2012க்கு முதல் எங்கட நாடு மாதிரி இடத்தில இருந்து போற எல்லா நாய்க்கும் ஆறு மாசம் குவாரண்டைன் கட்டாயம், அதோட பாத்தா இப்பத்தை நிலமை எவ்வளவோ பரவாயில்லை. குடியிருக்கப் போறவை அங்கத்தை வரி அலுவலகத்தில முன்கூட்டியே விண்ணப்பிச்சால் இறக்குமதி வரிச் சலுகையும் இருக்கு, ஆனா நாய் ஆறு மாசமாவது உங்களோட இருந்திருக்க வேணும். ஏஜென்ற் எங்களுக்கு இதைச் சொல்லேல்லை.

சிலர் பாரிசுக்கோ அம்ஸ்ரடாமுக்கோ பறந்து அங்கால கப்பலிலயோ சுரங்க ரயிலிலயோ லண்டனுக்குக் கொண்டு போகினம், கார்கோக் காசு மிச்சம். நல்ல யோசினைதான், என்ன, நாய்க்கு விசா தேவையில்லை, எங்கட இலங்கைப் பாஸ்போட்டுக்குத்தான் ஷெங்கன் விசா வேணும்.

மற்ற நாடுகளைப் பற்றி நீட்டேல்லை. சுவிசுக்கு நேரா பிளேனில கொண்டு போறதெண்டா முதலே அவையின்ர உணவுப் பாதுகாப்பு, மிருக வைத்திய அலுவலகத்தின்ர அனுமதி எடுக்க வேணும். கனடா கொஞ்சம் சுகம், உங்கட சொந்த நாயை நீங்களே கூட்டிக்கொண்டு போனால் லண்டன் மாதிரி மாசக்கணக்குக் காத்திருப்பு இல்லை, ஆனா 2022 செப்டம்பர் 28 இல இருந்து இலங்கை மாதிரி நாடுகளில இருந்து விக்கவோ தத்துக் குடுக்கவோ ஆள்மாத்தவோ நாய் கொண்டு வாறதைத் தடுத்திட்டினம், அதாலை "மாமா ரொறன்ரோவில எடுத்து வளர்ப்பார், அனுப்பிவிடுவம்" எண்ட கதை சரிவராது. அவுஸ்திரேலியாவுக்கு இஞ்சயிருந்து நேரா கொண்டு போகவே ஏலாது, இடையில அவை ஏற்கிற வேற ஒரு நாட்டில மாசக்கணக்கில வைச்சு, பேந்து மெல்பேர்னில மிக்கிள்ஹாம் குவாரண்டைனிலயும் வைச்சுத்தான். அங்க போறவைக்கு நான் சொல்லுறது, அந்தக் காசைச் சிலவழிக்காதேங்கோ, ஊரில நல்ல வீடு பாத்துக் குடுத்திட்டுப் போங்கோ, பாவம் அந்தச் சீவன் மாசக்கணக்கில கூட்டுக்க கிடந்து என்ன செய்யிறது.

ஜிம்மியின்ர கதைக்கு வாறன். பெறாமகள் படிப்புக்கு விண்ணப்பம் போட்ட கிழமையே சிப் போடுவிச்சவள், ஊசி, இரத்தம், கூரியர் எல்லாம் தாங்களே பாத்தினம். கார்கோ புக் பண்ணவும் ஏற்றுமதிச் சான்றிதழ் அலைச்சலுக்கும் மட்டும் ஆள் பிடிச்சது, அது இல்லாமல் ஏலாது. பலாலியில இருந்து சென்னைக்குப் போற சின்ன ஏ.ரி.ஆர் பிளேனை நம்பி லண்டனுக்கு நாய் அனுப்பேலாதே, கட்டுநாயக்காவுக்குத்தான் போக வேணும், வெக்கைக்குப் பயந்து வான் பிடிச்சு இரவோட இரவா ஏ9 ஆல போனம், வவுனியா தாண்டும் மட்டும் ஊளை, பேந்து நித்திரை. மயக்க மருந்து குடுப்பம் எண்டு ட்ரைவர் சொன்னார், குடுக்கக்கூடாது, பிளேனில மூச்சுக்கு ஆபத்து. எல்லாம் கூட்டிப் பாத்தா ஏஜென்ற் முதல் சொன்னதில முக்கால்வாசிக்கு முடிஞ்சுது. மலிவு எண்டு சொல்லேல்லை. எதுக்குக் குடுத்தம் எண்டு தெரிஞ்சு குடுத்தம்.

காசு இல்லாதவையை நான் குறை சொல்லேல்லை. ஆனா வீட்டைப் பூட்டி, கேற்றையும் பூட்டி, நாயை ஒழுங்கையில விட்டிட்டு எயார்போட்டுக்குப் போற ஆக்கள் கொக்குவிலிலயும் இருக்கினம், கோண்டாவிலிலயும் இருக்கினம். 2006 இல இருந்து தெருநாயளைக் கொல்லுறதில்லை எண்டு அரசாங்கம் முடிவெடுத்தது, அது நல்லதுதான், ஆனா அதுக்குப் பிறகு ஊசியும் கருத்தடையும்தான் ஒரே வழி. வளர்த்த நாயை ரோட்டில விட்டா அடுத்த வருச ஊசியை ஆர் போடுறது? பணத்திமிர் எண்டு எழுதினவர் இதைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இனி ரெண்டு விண்ணப்பம். அரச மிருக வைத்திய அலுவலகங்களில நாட்டுக்கு நாடு என்ன ஒழுங்கு, எத்தினை மாசம் வேணும் எண்டு தமிழில ஒரு தாள் அடிச்சு ஒட்டி விடட்டும், முக்கியமா "சிப் முதல், ஊசி பிறகு" எண்டதைப் பெரிய எழுத்தில. மாகாண மிருக வைத்திய திணைக்களத்துக்கு இது பெரிய வேலையில்லை. மற்றது உங்களுக்கு. வெளிநாடு போறவைக்கு எண்டு கிழமைக்கு ஒரு பக்கம் போடுறியள், விசா, ஐஈஎல்ரிஎஸ், ரிக்கற் விளம்பரம் எல்லாம் வருது. நாய் பூனை அனுப்புற ஏஜென்ற்மாரும் அதில விளம்பரம் போடுகினம், பெட்டிக்கு எவ்வளவு, கார்கோவுக்கு எவ்வளவு, லாபுக்கு எவ்வளவு, தங்கட கூலி எவ்வளவு எண்டு பிரிச்சுக் காட்டாத விளம்பரத்தை ஏற்காதேங்கோ.

இப்படிக்கு,
கொக்குவிலில இருந்து ஒரு வாசகி