பெரியப்பா, மலருக்கு நான் எழுதவில்லை

அன்புள்ள பெரியப்பா,

உங்கள் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அண்ணன், உங்கள் மகன், பலமுறை கூப்பிட்டுவிட்டார். ‘உன்னை அப்பா எப்படிப் பார்த்துக்கிட்டார், ரெண்டு பக்கம் எழுதித் தர மாட்டியா’ என்றார். உட்கார்ந்து எழுதவும் செய்தேன். காலேஜ் ஃபீஸ், எனக்கு நீங்கள் வாங்கித் தந்த முதல் வாட்ச், என் கல்யாணத்தில் பந்தியில் நின்று நீங்களே பரிமாறியது எல்லாம் வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் மலரின் வரைவைப் பார்த்தேன். 1971-ல் நீங்கள் காங்கிரஸ் எம்.பி.யாகப் பார்லிமென்டுக்குப் போனதைப் பற்றி ஒரு பத்தி. அடுத்த பத்தியில் 1977 வெற்றி. நடுவில் ஒன்றுமே இல்லை.

அதனால் மலருக்கு எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இன்று 2025 ஜூன் 25. எமர்ஜென்சி வந்து ஐம்பது வருஷம். உங்களுக்கு எழுத வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நம் வீட்டில் எல்லோரும் இதைப் படிப்பார்கள். நம்மை யாரென்றே தெரியாதவர்களும் படிப்பார்கள். ஊரின் பெயர், உங்கள் தொகுதி, அப்பா இருந்த சிறை எதையும் சொல்லப் போவதில்லை. அண்ணனுக்கு இது வருத்தம் தரும் என்று தெரியும். மன்னிக்க வேண்டும் அண்ணா. ஆனால் அந்தப் பத்தியை நீங்கள் விட்டிருக்காவிட்டால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன இரவைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடிவதற்குள் உங்களுக்குத் தந்தி வந்திருக்கும். உங்களுக்குத் தெரியாதது அதற்குப் பிறகு வந்த மாதங்கள். 1976 ஜனவரி 31-ல் அப்பாவின் கட்சியான தி.மு.க.வின் ஆட்சியைக் கலைத்தார்கள், ஊர் ஊராக ஆட்களை அள்ளினார்கள். விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் மிசா சட்டத்தில் உள்ளே போட்டால் ஏன் போட்டோம் என்று சொல்லவே வேண்டியதில்லை என்று முந்தின ஜூனிலேயே சட்டத்தை மாற்றி வைத்திருந்தார்கள். அப்பாவின் அச்சகத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். பாதி கோத்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்று கேலி என்கிற அச்சுத் தட்டிலேயே கிடந்தது. பெண் வீட்டுக்காரர் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வக்கீல் ஒருவர், ஆளை ஏன் அடைத்து வைத்தீர்கள் என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று அம்மாவுக்கு நம்பிக்கை கொடுத்திருந்தார். ஒன்பது உயர் நீதிமன்றங்கள், எமர்ஜென்சி என்றாலும் இந்தக் கேள்வியைக் கோர்ட்டில் கேட்கலாம் என்று சொல்லியிருந்த நேரம். ஏப்ரல் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. கேட்க முடியாது என்று நான்கு நீதிபதிகள். கேட்கலாம் என்று எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும். அந்த வழக்கில் அவர்தான் அரசு வக்கீலிடம் கேட்டாராம்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருத்தரைக் கொன்றுவிட்டால்கூட வழி இல்லையா? எமர்ஜென்சி இருக்கும்வரை இல்லை என்பது பதில். இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, வக்கீல் அந்தக் காகிதக் கட்டை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்ததுதான்.

அப்போது பாட்டி படுக்கையில். உங்கள் இருவருக்கும் அம்மா. வேறு யாரிடம் போவாள் என் அம்மா?

ஒரு ராத்திரி நீங்கள் வந்தீர்கள். காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து வந்தீர்கள் என்பது உங்கள் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தே தெரிந்தது. பாட்டியின் கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள், அவர் காலைப் பிடித்துவிட்டீர்கள். அப்புறம் கூடத்துக்கு வந்தீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா உங்கள் எதிரில் நின்று பேசியதில்லை. அன்றும் கதவுக்குப் பின்னாலிருந்து என்னிடம்தான் சொன்னாள். ‘பெரியப்பாவை இதுல ஒரு கையெழுத்து போடச் சொல்லு.’ பரோல் மனு. சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க ஒரே ஒரு நாள். அதன் கீழே நீங்கள் ‘பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

நான் கொண்டுவந்து நீட்டினேன். விளக்கருகே வைத்துப் படித்தீர்கள். மறுபடியும் படித்தீர்கள். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினீர்கள். நான் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரியில் விட்டுப்போயிருந்த ஓர் ஒற்றெழுத்தைப் போட்டீர்கள். ‘க்’. பேனாவை மூடினீர்கள். காகிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் தந்தீர்கள்.

‘அம்மாகிட்ட சொல்லும்மா, நேரம் சரியில்லை.’

கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு அது கேட்டிருக்கும். ஆனாலும் நான் போய்ச் சொன்னேன், அந்த நாலு வார்த்தையையும். எனக்குப் பன்னிரண்டு வயது, பெரியப்பா. இதைச் சொல்ல என்னை ஏன் அனுப்பினீர்கள்?

அடுத்த மாதத்திலிருந்து மணியார்டர் வந்தது. அனுப்புநர் என்ற இடத்தில் உங்கள் டிரைவரின் பெயர் இருந்தது. கீழே செய்தி எழுதும் கூப்பனில் ஒரு எழுத்துகூட இருக்காது. தபால்காரருக்கு எல்லாம் தெரியும். ‘டெல்லியில உங்களுக்கு யாரோ நல்ல மனுஷன் இருக்காரும்மா’ என்பார். அந்தப் பணத்தில்தான் சாப்பிட்டோம். என் ஸ்கூல் ஃபீஸ் கட்டியதும் அதில்தான். நன்றி கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன். அந்த மாதங்களில் கட்சிக்காரர்கள் பலர் எங்கள் தெருப் பக்கமே வராதபோது, அந்த ரூபாய் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

ஆனால் அந்தப் பணத்தை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகமாகக் கோபம் வருகிறது. மாதாமாதம் மணியார்டர் போன பிறகு உங்களுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும். தம்பி குடும்பத்தைப் பார்த்துக்கொண்டோம், நம்மால் முடிந்தது இவ்வளவு என்று. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் உள்ளே இருந்தார்கள். அவர்கள் எல்லோர் வீட்டுக்கும் டெல்லியில் ஒரு பெரியப்பா இல்லை. அவர்களுக்காக நீங்கள் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், எழுந்து நின்று வாயைத் திறப்பது.

மக்களவை விவாதத் தொகுப்பில் அந்த மாதங்களைத் தேடிப் படித்தேன். உங்கள் பெயர் இருக்கிறது. ரயில்வே பட்ஜெட்டில் பேசியிருக்கிறீர்கள். நம் ஊரில் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், இந்திரா காந்தியின் இருபது அம்சத் திட்டத்தைப் பாராட்டியிருக்கிறீர்கள். வண்டி இன்றைக்கும் நிற்கிறது. அதே தொகுப்பில் தி.மு.க. எம்.பி. இரா. செழியன் பேசியது இருக்கிறது. மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.கே. கோபாலன் பேசியது இருக்கிறது. அதில் ஒரு வரி மறுநாள் பேப்பரில் வராது, தணிக்கை விடாது என்று தெரிந்தேதான் பேசியிருக்கிறார்கள்.

பேசினால் நீங்களும் உள்ளே போயிருப்பீர்கள் என்று பெரியம்மா ஒரு தடவை சொன்னார். அது பொய்யில்லை. சந்திரசேகர் உங்கள் கட்சியின் காரியக் கமிட்டியில் இருந்தவர், அவரையே முதல் நாள் பிடித்துக்கொண்டு போனார்கள். சிட்டிபாபு உங்களோடு அதே அவையில் இருந்தவர். சென்னைச் சிறையில் அடிபட்டு 1977 தொடக்கத்தில் செத்துப்போனார். பயம் நியாயமான பயம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்கும் மூன்று பிள்ளைகள்.

ஆனால் ஜெயிலுக்கும் வாய்மூடி இருப்பதற்கும் நடுவில் இடமே இல்லையா? ஃபாலி நாரிமன் அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தார். எமர்ஜென்சி வந்த இரண்டாம் நாள் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அவரை யாரும் ஜெயிலில் போடவில்லை. கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி போனது. வீட்டுக்குப் போனார், அவ்வளவுதான். உங்களால் ராஜினாமா செய்திருக்க முடியும். அதுகூட வேண்டாம். உங்கள் ஐந்து வருஷம் 1976 மார்ச்சில் முடிய வேண்டியது. அதை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கொள்ள மசோதா வந்தது பிப்ரவரியில். அப்பா உள்ளே போன அதே மாதம். அன்று காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருக்கலாமே பெரியப்பா. போய் ஓட்டுப் போட்டீர்கள். நவம்பரில் மறுபடியும் நீட்டினார்கள். அதற்கும் போட்டீர்கள்.

பாட்டி ஆடியில் போனார். தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு நாள் உங்களை எனக்கு முழுசாகப் பிடித்தது.

1977 மார்ச் 21-ல் எமர்ஜென்சி போனது. வடக்கே உங்கள் கட்சியைத் துடைத்துப் போட்டார்கள். தமிழ்நாடு உங்கள் கூட்டணிக்கே ஓட்டுப் போட்டது, நீங்களும் ஜெயித்தீர்கள். 1980-ல் அப்பாவின் கட்சியும் உங்கள் கட்சியும் மறுபடி கைகோத்துக்கொண்டன. 71-ல் நம் அச்சகத்தில் அடித்த நோட்டீஸில் உதயசூரியன் பிளாக்குக்குப் பக்கத்தில் உங்கள் கட்சிச் சின்னம் பசுவும் கன்றும் இருந்தது. 80-ல் அந்த இடத்தில் கை. உங்கள் பெயரை அப்பாவே எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கோத்தார். ஆளிடம் கொடுக்கவில்லை. ‘ஏம்ப்பா?’ என்று கேட்டேன். ‘கட்சி முடிவு’ என்றார். அப்பாவும் பேசவில்லைதான், அதற்குப் பிறகு கடைசிவரை. அவர்மேல் எனக்கு இந்தக் கோபம் வரவில்லை. நியாயமா என்று கேட்டால் தெரியவில்லை. அடிபட்டவருக்குப் பேசாமல் இருக்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

உங்களிடம் எனக்கு ஆறவே ஆறாதது அந்த இருபத்தோரு மாதம் இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் வாழ்ந்த இருபது வருஷம். யாரும் உங்களைப் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை. எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரிக்க ஷா கமிஷன் உட்கார்ந்தது. அது தந்த அறிக்கை கண்ணில் படாமல் போனபோது, இரா. செழியன் 2010-ல் அதைத் தேடிப்பிடித்து மறுபடி அச்சிட்டார். அந்த நான்கு நீதிபதிகளில் ஒருவரான பகவதி, 2011-ல், தொண்ணூறு வயதை நெருங்கும்போது, தப்பான தீர்ப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். நீங்களோ, யார் கேட்டாலும் ‘அந்தக் காலத்துப் பேச்சு இப்ப எதுக்கு’ என்றீர்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னீர்கள். பயம் போன பிறகும் ஏன் பேசவில்லை என்பதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை. பழகிப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 25-ஐ அரசியலமைப்புப் படுகொலை தினம் என்று 2024-ல் அறிவித்தார்கள். இன்று காலையிலிருந்து டிவியில் அதே பேச்சு. பேசுகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறேன். திருச்சிப் பக்கத்தில் பிறந்த ஸ்டேன் சாமி என்ற பாதிரியாரைச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான ஊபாவில் பிடித்துப் போட்டார்கள். எண்பது தாண்டியவர், பார்க்கின்சன் நோயாளி. டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்க ஒரு ஸ்ட்ரா கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலேயே 2021 ஜூலையில் செத்துப்போனார். இன்று எமர்ஜென்சியைப் பற்றி முழங்குகிறவர்கள் அன்று வாய் திறக்கவில்லை. அந்தச் சட்டத்தில் ஜாமீனை இவ்வளவு கஷ்டமாக்கியது 2008-ல், உங்கள் கட்சி ஆட்சியில், அப்பாவின் கட்சியும் மந்திரிசபையில் இருந்தபோது. அன்றும் யாருக்கோ நேரம் சரியில்லாமல் இருந்திருக்கும்.

நம் வீட்டிலும் இன்று ஒருவன் அரசியலில் இருக்கிறான். அவனைப் பற்றி இங்கே ஒன்றும் எழுத மாட்டேன். அவன் இதைப் படிப்பான்.

போடுவதற்கு முன் அம்மாவுக்கு இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். ‘அந்த ஒற்றுப்பிழை என்னோடதுதான், அவர் திருத்தினது சரி’ என்றாள். இதை எழுதக் கூடாது என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. அந்த மனு இன்னும் அவள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. உங்கள் கையெழுத்து இருந்திருந்தாலும் அப்பாவை விட்டிருக்க மாட்டார்கள் என்று அவளும் சொல்கிறாள், எனக்கும் தெரியும். அது இருந்திருந்தால் அப்பாவிடம் காட்ட எங்களிடம் ஏதாவது இருந்திருக்கும். விடுதலையாகி வந்த அன்று அவர் முதலில் கேட்டது, ‘அண்ணன் ஏதாச்சும் எழுதிக் குடுத்தாரா?’

அம்மா மணியார்டர் கூப்பன்களை எடுத்துக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

உங்கள் தம்பி மகள்